சிடாம் கிரி முனியாண்டியின் கார்டு

கடையை விட்டு வீட்டோடு வந்துவிட்ட பிறகும் அங்கே வந்துபோன பையன்கள் என்னை விடுவதாக இல்லை. ஹேண்ட்போன் குழுவில் கேள்வி மேல் கேள்வி. அண்மையில் ஒருவன் கேட்டிருந்தான்: “ஆண்டி, இப்பவும் யாராச்சும் கடைக்குப் போயி கார்டு வாங்குறாங்களா? எல்லாம் ஆன்லைன் ஆயிருச்சேலா?” அதன் கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். எனக்குச் சுருக்கென்று வந்தது கோபம். இதில் சிரிக்க என்னடா இருக்கிறது? ஆயுசில் பாதியை அந்தக் கடையில் உட்கார்ந்து தீர்த்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஹேண்ட்போனில் குத்திக் குத்தி எழுத எனக்குப் பொறுமை கிடையாது. ஆகவே தாளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். முடிந்தவன் படிக்கட்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் பிலோமினா. செமிலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். சுங்கைப்பட்டாணியில் ஒரு பழைய காம்ப்ளெக்ஸின் மேல்மாடியில் காற்பந்துக் கார்டு விற்கிற கடை ஒன்று இருந்தது. ஆட்டக்காரன் படம் முன்னால், விவரம் பின்னால், உள்ளங்கை அளவு அட்டை. அதைப் பாக்கெட்டாகவும் தனித்தனியாகவும் விற்போம், வாங்குவோம். ‘கார்டு கடையில் வேலை’ என்று நான் சொன்ன அன்று அம்மா சீட்டாட்டக் கடை என்று நினைத்துக்கொண்டு, மாதா கோயிலுக்குப் போய் சாமியாரிடம் அழுதுவிட்டார். சாமியார் ஆள் விட்டுக் கூப்பிட்டார். நான் ஓர் அட்டையைக் கொண்டுபோய் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதக் காசு குடுத்து வாங்குறானுங்களா?” என்று கேட்டார். வாங்கினார்கள். அதனால்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது.

முதலாளி ஒரு சீனர். எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவர் அப்பா தோட்டத்து மளிகைக்கடைக்காரர் என்பதால் நம் தமிழை நம்மைவிட வக்கணையாகப் பேசுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாதக் கணக்காக என்னை ஒரு கார்டையும் தொட விடவில்லை. வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடு, குடையை வெளியே வை, கை கழுவச் சொல், அவ்வளவுதான். நான் முணுமுணுத்தால், “பிலோ, பாத்துக்கிட்டே இரு. கை தானா வரும்” என்பார். வந்தது.

எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை இப்போது உங்களுக்கும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் கை. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, முழுதாகக் காய வேண்டும். அப்புறம் கட்டைவிரலும் நடுவிரலும் மட்டும், அதுவும் விளிம்பில். முதலில் நாலு மூலை. பிறகு ஓரங்கள். பிறகு விளக்கடியில் லேசாகச் சாய்த்து மேல்பரப்பு. பின்பக்கம். ஆட்டக்காரன் மூஞ்சியை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பார்க்க வேண்டும். “மூஞ்சியப் பாத்தா ஆச வரும். ஆச வந்தா கண்ணு அவிஞ்சிரும்” என்பார் தவுக்கே. எந்தக் காரணத்தைக் கொண்டும் படத்தின் மேல் விரல் படக்கூடாது. நம்மூர் ஈரத்துக்கு விரல் பட்ட இடம் ஒரு மழைக்காலம் போனால் பூஞ்சணம் பூத்துவிடும். கீழே செருப்புக்கடையில் கெஞ்சி, பெட்டிக்குள் போடுகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை வாங்கிவந்து அலமாரி முழுக்கப் போட்டு வைத்திருந்தேன்.

தவுக்கே சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பிடிக்காத ஒன்று நடந்தால் மேசை விளக்கை அணைத்துவிடுவார். ‘வியாபாரம் முடிந்தது, எழுந்து போ’ என்று அர்த்தம். கடையில் கத்தரிக்கோல் கிடையாது. பிளேடு கிடையாது. பாக்கெட்டைக் கையால்தான் பிரிக்க வேண்டும். ஏன் என்று எனக்கு ஜித்ராக்காரர் ஒருவர் வந்த அன்றுதான் புரிந்தது.

அவர் ஜித்ராவில் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். ஆன்லைனில் நேரலை பார்த்து ஒரு பழைய கார்டை வாங்கியிருந்தார். மூலை நாலும் ஊசி மாதிரி இருந்தது. மனிதர் புது மாப்பிள்ளை மாதிரி பூரித்துப் போய் உட்கார்ந்திருந்தார். தவுக்கே அதே வரிசையில் வந்த கார்டுகள் சிலவற்றை எடுத்து, இதை நடுவில் செருகி, மேசையில் மெல்லத் தட்டிச் சமப்படுத்தி, ஓரத்தில் நகத்தை ஓட்டினார். நகம் ஓர் இடத்தில் பள்ளத்தில் இறங்கியது. மழுங்கிப்போன மூலையை மறைக்க எவனோ நாலு பக்கமும் நூலளவு சீவியிருக்கிறான். “அண்ணே, வெட்டுனா செத்துச்சு,” என்றார் தவுக்கே. ஜித்ராக்காரர், “யாரு வெட்டுனா? யாருகிட்டப் போயி நா கேக்கறது?” என்று கத்தினார். திரையில் பார்த்த முகத்தை எந்தத் தெருவில் போய்த் தேடுவது? பாவம், கொண்டுவந்த கார்டை மேசையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

இதை ஏதோ ஆன்லைனைத் திட்டுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பாக்கெட் வாங்குகிறவர்கள் எங்களை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. நேரலையில் ஒருத்தன் கத்திக்கொண்டே பிரிப்பதை வீட்டில் படுத்துக்கொண்டு பார்க்கிற சுகத்தை நான் எப்படிக் கொடுக்க முடியும்? பெரிய ஆட்டக்காரன் கார்டு வேண்டுமென்றால் ஹேண்ட்போனில் ஆயிரம் கிடைக்கும். எங்களிடம் வந்தது எவனும் விலை போடாத கார்டைத் தேடி வந்தவர்கள். தபால் செலவுக்குக்கூடப் பெறாத கார்டு. முனியாண்டி அண்ணனும் அப்படித்தான் வந்தார்.

மழை பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை. புருஷனும் பெண்டாட்டியுமாகப் படியேறி வந்து, சொட்டச் சொட்ட வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவர் காவலாளிச் சட்டை போட்டிருந்தார். சிடாம் கிரியிலிருந்து மோட்டார்சைக்கிளில் நனைந்துகொண்டே வந்திருக்கிறார்கள்.

“உள்ள வாங்கக்கா. என்னா வேணும்?”

“படம் தங்கச்சி. மாநிலத்துக்குப் பந்து ஆடுன புள்ளைங்க படம் இங்க இருக்குன்னாங்க.”

“இருக்கும். யாரு படம்? பேரு சொல்லுங்க.”

அந்த அக்கா புருஷன் முகத்தைப் பார்த்தார். அவர்தான் சொன்னார்: “முனியாண்டின்னு போட்டிருக்கும்.”

“சரிண்ணே. உங்க பேரு?”

“நாந்தான் முனியாண்டி.”

நரைத்த தலையும் முன்வளைந்த முதுகுமாக நிற்கிற மனிதர் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? “என்னாண்ணே, நீங்களா மாநிலத்துக்கு ஆடுனீங்க?” என்று கேட்டுவிட்டேன். அவரும் லேசாகச் சிரித்தார். “தோட்டத்துலயும் இப்படித்தான் கிண்டல் பண்ணுவானுங்க. கெழவனுக்கு வந்த யோகத்தப் பாருன்னு. ஆடுனது என் மவன். பார்த்திபன்.” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “இப்ப இல்ல” என்றார்.

விஷயம் இதுதான். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? ஐசி என்கிற அடையாள அட்டையில் முதலில் நம் பெயர், ‘இன்னாருடைய மகன்’ என்று பின்னால் அப்பா பெயர். கார்டு அச்சடித்தவன் கடைசியில் இருப்பதுதான் ஆட்டக்காரனின் பெயர் என்று எடுத்துக்கொண்டான். பார்த்திபன் முகத்துக்குக் கீழே முனியாண்டி என்று அச்சாகிவிட்டது. பையன் உயிரோடு இருந்தவரை அது சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறது. ஒரு பருவம் மாநில அணியில் மாற்று ஆட்டக்காரனாக இருந்தான். அடுத்த பருவம் எடுக்கவில்லை. கூலிம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். இரவு வேலை முடிந்து காலையில் மோட்டாரில் திரும்பும்போது லாரிக்கு அடியில் போய்விட்டான். ஹேண்ட்போன் தூளாகிவிட்டது, அதில் இருந்த படங்கள் எல்லாம் போயின. பணப்பையில் வைத்திருந்த கார்டு எடுத்துப் பார்க்கிற நிலையில் இல்லை.

“வூட்டுல ஐசி படத்தப் பெருசு பண்ணி மாட்டியிருக்கோம்,” என்றார் அக்கா. “போலீசு புடிச்சாந்த மாதிரி முழிச்சிக்கிட்டு இருக்கான். என் புள்ள அப்படி இல்ல தங்கச்சி. அவன் சிரிச்ச மூஞ்சி.”

உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த தவுக்கே எழுந்து பின்னறைக்குப் போனார். அந்த மாநில அணிக் கார்டு வரிசையை ஒருவர் ஆசைப்பட்டு அச்சடித்து, விற்காமல் நொந்துபோய், மிச்சத்தைப் பெட்டியோடு எங்களிடம் தள்ளியிருந்தார். அதிலும் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. நான் இருவருக்கும் கோப்பி வாங்கிவந்து கொடுத்தேன், அது ஆறிப்போனது. கடைசியில் தவுக்கே தலையெல்லாம் தூசியோடு, ஒரே ஒரு கார்டை விளிம்பில் பிடித்துக்கொண்டு வந்தார். “இது ஒண்ணுதான் நல்லா இருக்கு,” என்றார்.

நீலக் கோடு போட்ட சட்டை. வியர்த்த முகம். யாரோ பக்கத்தில் நின்று ஏதோ சொன்னதற்குத் தலையைச் சாய்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அதற்குக் கீழே ஒரு பட்டையில் பெரிய எழுத்தில் அப்பா பெயர். அக்கா ஐயோ என்று ஒரு சத்தம் போட்டு, ஈரக் கையை அப்படியே அந்த முகத்தை நோக்கி நீட்டினார். எனக்குப் பழக்கதோஷம், “அக்கா, மூஞ்சில கை...” என்று ஆரம்பித்துவிட்டேன். தவுக்கே என்னைப் பார்த்து, “விடு பிலோ. தொடட்டும்,” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

தொட்டு, தடவி, கண்ணில் ஒற்றி எல்லாம் ஆன பிறகு அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “தங்கச்சி, கத்திரிக்கோல் இருக்கா?”

“எதுக்குக்கா?”

“வர்ற மாசம் வருசம் திரும்புது. படத்துக்குப் பொட்டு வச்சு மாலை போடணும். கீழ இவுங்க பேரு இருக்கே. உசுரோட உக்காந்திருக்கற மனுசன் பேருக்கு நா எப்படித் தங்கச்சி மாலை போடுவேன்?”

நான் வேதக்காரிதான், ஆனாலும் தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு இது புரியாமல் போகுமா? கீழ்மாடிப் படக்கடையில் பெரிதாக்கி, பெயரை எடுத்துவிடலாம் என்று யோசனை சொல்லி, நானே கூட்டிக்கொண்டு போனேன். அச்சுப்படத்தைப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக உடைந்தது. கடைக்காரர் புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் மழுப்பிக் காட்டினார். அக்கா திரையைப் பார்த்து, “இது யாரு வூட்டுப் புள்ள?” என்றார். திரும்ப மேலே வந்தோம்.

“அப்ப வெட்டிருங்க,” என்றார் அக்கா.

“வெட்டக் கூடாது,” என்றார் முனியாண்டி அண்ணன். அதுவரை அதிர்ந்து பேசாத மனிதர். “அவனுக்குன்னு நா என்னாத்தக் குடுத்தேன்? வூடு குடுத்தனா, படிப்பு குடுத்தனா? பேரு ஒண்ணுதான் குடுத்தேன். இந்தக் கார்டக் கொண்டாந்து காட்டி, அப்பா உன் பேரப் போட்டுட்டான் பாருன்னு சிரிச்சான். அத வெட்டிட்டா அவன் யாரு மவன்?”

“ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சின்னா நா யாருகிட்டய்யா போயி நிப்பேன்? ஒண்ணப் பறிகுடுத்தது பத்தலயா?”

“பேருக்குப் பொட்டு வச்சா மனுசன் செத்துருவானாக்கும்!”

“வாய மூடுங்க! அப்படியெல்லாம் பேசாதீங்க!” அக்கா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

கடையில் நின்றிருந்த பையன்கள் சத்தமில்லாமல் நழுவிவிட்டார்கள். நீயாவது சொல் என்கிற மாதிரி இருவரும் தவுக்கேயைப் பார்த்தார்கள். அவர் கை விளக்குப் பக்கம் போனது. அணைக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அணைக்கவில்லை. கார்டை அதன் கீழே வைத்தார். “அக்கா, நா வெட்ட மாட்டேன்னு சொல்லல. நீங்க ரெண்டு பேரும் ஒரே வாயா வந்து சொல்லுங்க. நானே பிளேடு வாங்கியாந்து நேரா வெட்டித் தர்றேன். ஒருத்தர் அழுதுக்கிட்டு இருக்கறப்ப வெட்ட மாட்டேன்,” என்றார். அதுவரைக்கும் கார்டு கடையிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. மெல்லிய உறையில் போட்டு, அதைக் கெட்டி உறையில் போட்டு, என் மேசை இழுப்பறையில் வைத்தேன். அந்த வருசம் போலீசு பிடித்த மாதிரி முழிக்கிற படத்துக்குத்தான் மாலை போட்டார்கள்.

அக்கா அதற்குப் பிறகு வரவில்லை. அண்ணன் வந்தார். வேலை இல்லாத சனிக்கிழமைகளில் வந்துவிடுவார். யாரும் சொல்லாமலே போய்க் கை கழுவுவார். துடைத்து, காயும்வரை விரல்களை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கார்டை எடுத்து விளக்கடியில் வைப்பேன். உறையிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்டதே இல்லை. பார்த்துக்கொண்டிருப்பார், போவார்.

“அக்கா என்னாண்ணே சொல்றாங்க?”

“வெட்டணுங்கறா.”

“நீங்க?”

“இருக்கட்டுமேலா. அவ பயம் அவளுக்கு. எனக்கு இவன் கீழ என் பேரு இருந்தா, என்னமோ தோள்ல தூக்கி வச்சிருக்கற மாதிரி இருக்கு.”

இந்தக் கார்டு ஒன்றுதான் மிச்சம் என்று எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. அரிதான கார்டு என்றால் உங்கள் மாதிரி ஆட்களுக்கு மூக்கு வேர்த்துவிடுமே. ஒருவன் வந்து, “ஆண்டி, அந்த முனியாண்டி கார்டு என்னா வெல?” என்று கேட்டான். அண்ணன் அவன் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். “டேய், அது விக்கிற சாமான் இல்ல, ஓடிப்போயிரு!” என்று நான் போட்ட சத்தத்தில் அவன் குடையை விட்டுவிட்டுப் போனான். இப்போது இதைப் படிக்கிறாயா தம்பி? அது நீதான்.

பிறகு தவுக்கேவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அவர் மகள் பினாங்கில் வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் விற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். என் முழங்காலும் அந்தப் படிகளை ஏற மாட்டேன் என்றது. சரி, மூடிவிடலாம் என்று அலமாரிகளை ஒழிக்க ஆரம்பித்தோம். எனக்கு அந்த ஒரு கார்டு பற்றித்தான் கவலை. அண்ணன் சில சனிக்கிழமைகளாக வரவில்லை. வேலை மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்தேன். அக்காதான் எடுத்தார்.

“அக்கா, கார்டு கடை பிலோமினா பேசறேன். அண்ணன் இருக்காங்களா?”

“அவுங்க இல்ல தங்கச்சி.”

“சரிக்கா, வந்ததும் போன் பண்ணச் சொல்லுங்க.”

அக்கா போனை வைக்கவில்லை. பிறகு, “இல்ல தங்கச்சி. அவுங்க இல்ல,” என்றார்.

காவல் கொட்டகையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருக்கிறார். தூங்குகிறார் என்று நினைத்து வண்டிக்காரர்கள் தாங்களாகவே கேட்டைத் திறந்துகொண்டு போயிருக்கிறார்கள். கூடமாட இருந்தவனுக்குக்கூடத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு, கடையின் காலி அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எனக்கு அவர் என்ன உறவு? ஒன்றுமில்லை. என் மேசைக்கு முன்னால் கை காய்வதற்காக விரலை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மனிதர்.

காரியம் முடிந்து அக்கா பஸ் பிடித்து வந்தார். படியேறி வரும்போதே பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது. எதிரே நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. நான் இழுப்பறையைத் திறந்தேன். தவுக்கே தட்டுத் தடுமாறி எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். ஒரே வாயாக வந்து சொல்லுங்கள் என்று இனி யாரிடம் கேட்பது? அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார்.

“வெட்ட வேணாம் தவுக்கே,” என்றார் அக்கா. “இனிமே எதுக்கு?”

கெட்டி உறையிலிருந்து எடுத்தேன். மெல்லிய உறையையும் உருவினேன். வெறும் கார்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அக்கா அழவில்லை. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பையன் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே முனியாண்டி என்று இருந்தது.

“தங்கச்சி, இதுக்கு ஒரு பொட்டு போதுமா, இல்ல ரெண்டு வைக்கணுமா?”

எனக்கு அந்தச் சாங்கியம் தெரியாது. நாங்கள் மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள். தவுக்கேயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ரெண்டு வைங்கக்கா,” என்றேன். “ஒண்ணு புள்ள நெத்தில. ஒண்ணு பேரு மேல.”